பின்லாந்து ஐஸ் ஹாக்கி அணியின் வரலாற்றை எப்படிப் படிப்பது? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஐஸ் ஹாக்கியை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள். ஏதாவது ஒரு நாட்டு அணியின் பழைய கதையையும் தெரிந்துகொள்ள ஆசை. அப்படியானால் பின்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். கனடாவும் சோவியத் யூனியனும் ஜெயித்துப் பழகிய அணிகள், அவற்றின் பட்டியலைப் பார்த்தாலே பாதிக் கதை விளங்கிவிடும். பின்லாந்தின் பட்டியல் அப்படிப்பட்டதல்ல. சுமார் 56 லட்சம் பேர் வாழும் நாடு அது. 1928இல் ஹெல்சிங்கியில் ஸ்வீடனுடன் ஆடிய முதல் சர்வதேச ஆட்டத்தில் 1-8 என்று தோற்றது. 1939இல் முதன்முறையாக உலக சாம்பியன்ஷிப்புக்குப் போனது. அங்கே முதல் பதக்கம் கிடைத்தது 1992இல், முதல் தங்கம் 1995இல். அரை நூற்றாண்டுக்கு மேல் கையில் ஒன்றுமில்லை. அதன்பின் முப்பது ஆண்டுகளில் 16 பதக்கங்கள்.

இந்தப் பட்டியலை மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு போனால் தலை சுற்றும், தப்பான முடிவுக்கும் வருவோம். ஒவ்வொரு வரியிடமும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இது எந்தப் போட்டி? வெற்றியாளரை எப்படித் தீர்மானித்தார்கள்? யார் யார் ஆட வந்தார்கள்? கீழே உள்ள படிகள் எல்லாமே இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

முதல் படி: போட்டிகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள்

உலக சாம்பியன்ஷிப் ஆண்டுதோறும் நடப்பது, பெரும்பாலும் மே மாதத்தில். ஒலிம்பிக் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, பிப்ரவரியில். இவை இரண்டையும் சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பின் கணக்கில் பார்க்கலாம். மூன்றாவதாக, வட அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.எச்.எல். சம்பந்தப்பட்ட அழைப்புப் போட்டிகள்: 1976 முதல் 1991 வரை கனடா கோப்பை, பிறகு 1996, 2004, 2016இல் உலகக் கோப்பை, 2025 பிப்ரவரியில் நான்கு நாடுகள் மோதிய போட்டி. உலக சாம்பியன்ஷிப்பும் உலகக் கோப்பையும் வேறு வேறு. புதிதாக வருபவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான்.

பட்டியலில் சில ஆண்டுகள் காணாமல் போயிருக்கும். 1980, 1984, 1988 ஆகிய ஒலிம்பிக் ஆண்டுகளில் தனியாக உலக சாம்பியன்ஷிப் நடக்கவில்லை. 1968 வரை ஒலிம்பிக் போட்டியே அந்த ஆண்டின் உலக சாம்பியன்ஷிப்பாகவும் எண்ணப்பட்டது. 1940 முதல் 1946 வரை போர். 2020இல் கொரோனா. ஆகவே ஓர் ஆண்டு விடுபட்டிருந்தால் அணி தகுதி பெறவில்லை என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1991 வரை உலக சாம்பியன்ஷிப்புக்கு உள்ளேயே ஐரோப்பிய அணிகளை மட்டும் தனியே வரிசைப்படுத்தி ஐரோப்பிய சாம்பியன்ஷிப் பதக்கமும் கொடுத்தார்கள். 1962இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் பின்லாந்து நான்காவதாக வந்தது. முன்னால் இருந்த மூன்று அணிகளில் ஸ்வீடன் மட்டுமே ஐரோப்பிய அணி என்பதால் ஐரோப்பிய வரிசையில் பின்லாந்து இரண்டாமிடம். அந்த ஆண்டு அரசியல் தகராறால் சோவியத்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் வரவே இல்லை என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் அணியும் 20 வயதுக்குட்பட்டோர் அணியும் வேறு பட்டியல்கள், கலக்க வேண்டாம். ஆனால் இளையோர் பட்டியலில் ஒரு வரியை மட்டும் கட்டாயம் பாருங்கள். 1987இல் பின்லாந்து இளையோர் உலகத் தங்கம் வென்றது என்று இருக்கும். செக்கோஸ்லோவாக்கியாவின் பியெஷ்டானி நகரில் கனடாவும் சோவியத்தும் கடைசி ஆட்டத்தில் அணியோடு அணியாகக் கட்டிப்புரண்டு சண்டை போட்டார்கள். அரங்கின் விளக்குகளை அணைத்துப் பார்த்தும் சண்டை ஓயவில்லை. இரண்டு அணிகளும் தகுதிநீக்கம், தங்கம் பின்லாந்துக்கு. தங்கம் தங்கம்தான். ஆனாலும் அதன் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வைக்காமல் விட முடியாது.

இரண்டாம் படி: 1992இல் ஒரு கோடு போடுங்கள்

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1991 வரை உலக சாம்பியன்ஷிப்பில் இறுதி ஆட்டம் என்று ஒன்று கிடையாது. அணிகள் ஒன்றோடொன்று ஆடும், புள்ளிகளைக் கூட்டுவார்கள், மேலே நிற்பவருக்குத் தங்கம். ஒலிம்பிக்கிலும் அப்படித்தான். 1992 முதல் இரண்டிலும் காலிறுதி, அரையிறுதி, இறுதி வந்தன.

லீக் முறையில் ஒரு டிராவும் உயிரை எடுக்கும். 1986, மாஸ்கோ. பின்லாந்து ஸ்வீடனை 4-2 என்று முந்தி நிற்கிறது, ஆட்டம் முடிய ஒரு நிமிடம் கூட இல்லை. ஸ்வீடனின் ஆன்டர்ஸ் கார்ல்சன் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டார், 4-4. முதல் பதக்கம் கைநழுவிப் போனது. ஐந்து ஆண்டுகள் கழித்து 1991இல் சொந்த மண்ணில், துர்க்கு நகரில், அதே ஸ்வீடன், அதே 4-2, அதே கடைசி நிமிடம். இந்த முறை இரண்டு கோல்களையும் போட்டவர் மாட்ஸ் சுண்டின். மறுபடி 4-4. பின்லாந்து ஐந்தாம் இடத்தில் நின்றது, ஸ்வீடன் தங்கத்தோடு போனது. முடிவுப் பலகையில் இரண்டும் வெறும் டிரா. பின்லாந்துக்காரர்கள் ஸ்வீடன் என்றாலே ஏன் பல்லைக் கடிக்கிறார்கள் என்பது இந்த இரண்டு டிராக்களைப் படித்தால்தான் புரியும்.

ஒலிம்பிக் கதைகளையும் இந்தக் கண்ணாடி போட்டுப் பாருங்கள். 1980இல் லேக் பிளாசிடில் அமெரிக்க மாணவர் அணி சோவியத்தை வீழ்த்தியதை எல்லோரும் இறுதி ஆட்டம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது இறுதி ஆட்டமே இல்லை. இரண்டு நாள் கழித்து அவர்கள் பின்லாந்துடன் ஆட வேண்டியிருந்தது. ஆட்டத்தின் மூன்று பீரியடுகளில் (ஒவ்வொன்றும் 20 நிமிடம்) இரண்டு முடிந்தபோது பின்லாந்து 2-1 என்று முன்னிலையில் இருந்தது. மூன்றாவது பீரியடில் அமெரிக்கா மூன்று கோல் போட்டு 4-2 என்று ஜெயித்துத் தங்கத்தை உறுதி செய்தது. பின்லாந்துக்கு நான்காம் இடம். உலகமே கொண்டாடும் ஒரு கதையின் கடைசி அத்தியாயத்தில் ஓரமாக நிற்கும் அணி அது.

1988 கால்கரி இன்னும் சுவையானது. கடைசி நாளில் சோவியத் யூனியனை 2-1 என்று வென்று பின்லாந்து வெள்ளி வாங்கியது. அதுதான் அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கம். ‘சோவியத்தை வீழ்த்தியும் தங்கம் இல்லையா?’ என்று கேட்கத் தோன்றும். சோவியத் அதற்கு முன்பே புள்ளிக் கணக்கில் தங்கத்தை உறுதி செய்துவிட்டது. வெற்றி உண்மை, ஆனால் எதிரணிக்கு அதில் இழக்க எதுவும் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

1992க்குப் பிறகு கணக்கு தலைகீழ். ஒரு மோசமான நாள் போதும். 1994 லில்லிஹாமர் ஒலிம்பிக்கில் லீக் சுற்றின் ஐந்து ஆட்டங்களையும் வென்ற பின்லாந்து அரையிறுதியில் கனடாவிடம் தோற்று வெண்கலத்தோடு திரும்பியது. அதே ஆண்டு மிலானில் உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தை ஷூட்-அவுட்டில் கனடாவிடம் இழந்தது. மறுபக்கம், 2014 மின்ஸ்கில் குழுவில் நான்காம் இடம் பிடித்துத் தட்டுத் தடுமாறி உள்ளே வந்த அணி இறுதி ஆட்டம் வரை போய் வெள்ளி வாங்கியது. பழைய லீக் முறையாக இருந்திருந்தால் அந்த அணியை யாரும் கண்டுகொண்டிருக்கவே மாட்டார்கள்.

1992க்கு முன் உலக சாம்பியன்ஷிப்பில் பின்லாந்துக்குப் பதக்கமே இல்லை, அந்த ஆண்டு பிராகில் வெள்ளியோடு தொடங்கி 2022 வரை நான்கு தங்கம், ஒன்பது வெள்ளி, மூன்று வெண்கலம். விதி மாறியதுதான் காரணம் என்று ஒரே போடாகப் போட மாட்டேன். சோவியத் சிதறியதும், பின்லாந்தில் நல்ல தலைமுறை ஒன்று எழும்பியதும் அதே சமயத்தில்தான். ஆனால் ஒன்பது வெள்ளிகளில் எட்டு இறுதி ஆட்டத்தில் ஸ்வீடன், கனடா, செக் குடியரசு என்ற மூன்று அணிகளிடம் தோற்றதால் வந்தவை என்பதைக் கவனியுங்கள். மீதமிருக்கும் ஒன்று மின்ஸ்கில் ரஷ்யாவிடம்.

காலிறுதியில் தோற்பவர்களுக்கு இப்போது இட நிர்ணய ஆட்டம் கிடையாது. லீக் சுற்றில் அவர்கள் குழுவில் பிடித்த இடத்தையும் பிறகு புள்ளிகளையும் பார்த்து 5 முதல் 8 வரை வரிசைப்படுத்துவார்கள். 2018இல் பின்லாந்து தன் குழுவில் முதலிடம், காலிறுதியில் சுவிட்சர்லாந்திடம் 2-3, இறுதி வரிசையில் ஐந்தாமிடம். 1991இன் ஐந்தாம் இடமும் 2018இன் ஐந்தாம் இடமும் ஒன்றல்ல.

மூன்றாம் படி: யார் வந்தார்கள் என்று பாருங்கள்

ஐ.பி.எல். நடந்துகொண்டிருக்கும்போதே கிரிக்கெட் உலகக் கோப்பையையும் நடத்தினால் எப்படி இருக்கும்? ஐஸ் ஹாக்கியில் ஆண்டுதோறும் அதுதான் நடக்கிறது. மே மாதம் என்.எச்.எல். பிளே-ஆஃப் சூடாக இருக்கும் நேரம். அங்கே வெளியேறிவிட்ட அணிகளின் ஆட்டக்காரர்கள் மட்டுமே உலக சாம்பியன்ஷிப்புக்கு வர முடியும், அவர்களிலும் வர விரும்புபவர்கள் மட்டும். ஒலிம்பிக்கில் 1998 முதல் 2014 வரை என்.எச்.எல். தன் ஆட்டக்காரர்களை அனுப்பியது. 2018, 2022இல் அனுப்பவில்லை. இன்னும் பின்னால் போனால், தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆடக் கூடாது என்ற அமெச்சூர் விதி பிடிக்காமல் கனடா 1970 முதல் 1976 வரை உலக சாம்பியன்ஷிப்புக்கே வரவில்லை.

ஒரே ஆண்டில் இதன் விளைவைப் பார்க்க வேண்டுமா? 2016ஐ எடுங்கள். மே மாதம் ரஷ்யாவில் பின்லாந்து எல்லா ஆட்டங்களையும் வென்று இறுதிக்குப் போய், கனடாவிடம் 0-2 என்று தோற்று வெள்ளி வாங்கியது. செப்டம்பரில் டொரொன்டோவில் என்.எச்.எல். நட்சத்திரங்களோடு அணிகள் இறங்கிய உலகக் கோப்பையில் மூன்று ஆட்டங்களையும் தோற்றது, மொத்தம் ஒரே ஒரு கோல். ஆக, நட்சத்திரங்கள் இல்லாத இடத்தில்தான் பின்லாந்து ஜெயிக்கும் என்று சொல்பவர்களுக்கு இது பிடித்த உதாரணம்.

நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். என்.எச்.எல். ஆட்டக்காரர்கள் பங்கேற்ற 1998-2014 காலத்தின் ஐந்து ஒலிம்பிக்குகளில் பின்லாந்து நான்கில் பதக்கம் வாங்கியது: 1998, 2010, 2014இல் வெண்கலம், 2006இல் வெள்ளி. அந்த ஐந்தில் நான்கு பதக்கம் வாங்கிய வேறு நாடு இல்லை, கனடாவுக்கே மூன்றுதான். தங்கம் வரவில்லை, சரி. ஆனால் முழு பலமுள்ள அணிகளுக்கு நடுவே இதை விடத் தொடர்ச்சியாக மேடை ஏறியவர்கள் யாருமில்லை. 2014 சோச்சியில் அமெரிக்காவை 5-0 என்று நொறுக்கி வெண்கலம் வாங்கியபோது டீமு செலான்னேவுக்கு வயது 43. போட்டியின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதும் அவருக்கே.

தங்கங்களையும் இதே கேள்வியோடு அணுகுங்கள். 1995 ஸ்டாக்ஹோம்: ஸ்வீடனின் தலைநகரில் ஸ்வீடனை 4-1 என்று வென்றது. வில்லே பெல்டோனென் ஹாட்ரிக். அவரோடு ஒரே தாக்குதல் வரிசையில் ஆடியவர்கள் சாகு கோய்வு, யெரே லெஹ்டினென். பயிற்சியாளர் கூர்ட் லின்ட்ஸ்ட்ரோம் ஒரு ஸ்வீடன்காரர் என்பது இந்தக் கதையின் குறும்பு. அந்த ஆண்டு என்.எச்.எல். சம்பளத் தகராறால் தாமதமாகத் தொடங்கி மே வரை இழுத்ததால் அங்கிருந்து வந்தவர்கள் எல்லா அணியிலும் குறைவு. 2019 பிராட்டிஸ்லாவா: பின்லாந்து அணியில் பெரிய பெயர்களே இல்லை, கனடாவும் ரஷ்யாவும் நட்சத்திரங்களோடு வந்திருந்தன. கேப்டன் மார்கோ அன்டிலா அரையிறுதியில் ரஷ்யாவுக்கு எதிரான ஒரே கோலைப் போட்டார், இறுதியில் கனடாவுக்கு எதிராக இரண்டு. 3-1. முதலாவதில் எல்லா அணிகளும் இளைத்திருந்தன, இரண்டாவதில் இளைத்தது பின்லாந்து மட்டும். என் மதிப்பீட்டில் 2019தான் பெரிய வெற்றி, பின்லாந்தில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்றாலும்.

2022இல் இரட்டைத் தங்கம். பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஓர் ஆட்டம் கூடத் தோற்காமல் வந்து, இறுதியில் ரஷ்ய ஒலிம்பிக் கமிட்டி அணியை 2-1 என்று வென்றது. மூன்றாம் பீரியட் தொடங்கி ஒரு நிமிடம் ஆவதற்குள் ஹான்னெஸ் ப்யோர்னினென் போட்டதுதான் வெற்றி கோல். மே மாதம் சொந்த ஊரான தம்பரேயில் உலக சாம்பியன்ஷிப். இறுதியில் 3-1 என்று முந்தி நின்ற அணி கடைசி நிமிடங்களில் கனடாவிடம் இரண்டு கோல் வாங்கிவிட்டு, ஓவர்டைமில் சாகரி மன்னினென் கோலால் 4-3 என்று தப்பியது. குறிப்புப் பக்கத்தில் இரண்டு எழுதுங்கள்: பெய்ஜிங்கில் என்.எச்.எல். இல்லை, தம்பரேயில் தடை காரணமாக ரஷ்யா இல்லை.

நான்காம் படி: பெயர்களும் புள்ளிகளும்

இதில் அதிகம் இல்லை. சோவியத் யூனியன், 1992 ஒலிம்பிக்கின் ஒருங்கிணைந்த அணி, ரஷ்யா, ரஷ்ய ஒலிம்பிக் கமிட்டி என்று ஒரே வரிசையில் பெயர் மாறும். செக்கோஸ்லோவாக்கியா 1993இல் பிரிந்தது. மேற்கு ஜெர்மனியும் கிழக்கு ஜெர்மனியும் தனித்தனி அணிகள். புள்ளிக் கணக்கு: முன்பு வெற்றிக்கு 2, டிராவுக்கு 1. இப்போது வழக்கமான 60 நிமிடத்தில் வென்றால் 3, ஓவர்டைமிலோ ஷூட்-அவுட்டிலோ வென்றால் 2, அப்படித் தோற்றால் 1. டிரா என்பதே இல்லை. பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் புள்ளி வைத்து ஒப்பிட முயலாதீர்கள்.

ஐந்தாம் படி: ஒரு நோட்டு, சில ஆட்டங்கள்

ஒரு நோட்டில் ஆறு பத்தி போடுங்கள்: ஆண்டு, போட்டி, முறை, யார் வரவில்லை, முடிவு, பயிற்சியாளர். கடைசிப் பத்தி எதற்கு என்று தோன்றலாம். நிரப்பி முடித்ததும் தெரியும்: 2011, 2019, 2022இன் இரண்டு தங்கங்கள், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் யுக்கா யாலோனென் என்ற ஒரே பெயர். 1995 மட்டும்தான் விதிவிலக்கு. நட்சத்திரங்களை விட்டுவிட்டு, ஐந்து பேரும் சேர்ந்து பின்னால் இறங்கிக் காக்கும் ஒழுங்கை நம்பிய ஆட்டமுறை அவருடையது. சில சமயம் பார்க்கக் கொட்டாவி வரும். வேலை நடக்கும்.

அப்புறம் முழு ஆட்டங்கள் அல்லது சுருக்கக் காட்சிகளைத் தேடிப் பாருங்கள். பலர் 1995இலிருந்து தொடங்கச் சொல்வார்கள். நான் தோல்வியிலிருந்து தொடங்கச் சொல்வேன். 2003 ஹெல்சிங்கி காலிறுதி: ஸ்வீடனுக்கு எதிராக 5-1 முன்னிலை, சொந்த ரசிகர்கள், கடைசியில் 5-6. அடுத்தது 2006 டூரின் ஒலிம்பிக் இறுதி. 2-2 என்று மூன்றாம் பீரியட் தொடங்குகிறது, பத்தே விநாடியில் ஸ்வீடனின் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம் கோல், 2-3. இந்த இரண்டையும் பார்த்த பிறகு 2011க்குப் போங்கள். அரையிறுதியில் ரஷ்யாவின் கோலுக்குப் பின்னால் நின்றபடி பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) தன் மட்டையிலேயே ஏந்தி மேல்மூலையில் சொருகிய மிக்காயேல் கிரான்லுண்டுக்கு அப்போது வயது 19. அந்தக் கோலுக்குப் பின்லாந்து தபால்தலையே வெளியிட்டது. இறுதியில் ஸ்வீடனை 6-1. முந்தைய தோல்விகளைப் பார்க்காமல் இந்த 6-1ஐப் பார்த்தால் அது ஒரு பெரிய வெற்றி, அவ்வளவுதான். பார்த்துவிட்டு வந்தால் ஒவ்வொரு கோலுக்கும் அரங்கம் எழுப்பும் சத்தம் வேறு மாதிரி கேட்கும்.

ஆறாம் படி: இனி நடப்பவற்றை நேரலையில் தொடருங்கள்

உலக சாம்பியன்ஷிப்பில் 16 அணிகள், எட்டெட்டாக இரண்டு குழுக்கள். ஒவ்வொரு குழுவிலிருந்தும் நான்கு அணிகள் காலிறுதிக்கு. ஒவ்வொரு குழுவிலும் கடைசி இடத்தில் நிற்பவர் அடுத்த ஆண்டு கீழ்ப் பிரிவுக்கு. பின்லாந்தில் போட்டி நடந்தால், மே மாதத்தில் நம் கடிகாரம் அவர்களுடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். அங்கே இரவு 8.20க்குத் தொடங்கும் ஆட்டம் இந்தியாவிலும் இலங்கையிலும் 10.50. மத்திய ஐரோப்பாவில் நடந்தால் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப் போகும், மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் மாலை ஆட்டங்களைத் தேர்ந்தெடுங்கள்.

போட்டி தொடங்கும் வாரத்தில் அணிப் பட்டியலை ஒருமுறை பாருங்கள். பிறகு இன்னொரு முறையும் பாருங்கள், ஏனென்றால் என்.எச்.எல்.லில் ஒவ்வோர் அணியாக வெளியேற வெளியேற, பாதிப் போட்டியில் கூடப் புதிய ஆட்டக்காரர்கள் வந்து சேருவார்கள். முதல் ஆட்டத்தில் பார்த்த அணியும் காலிறுதியில் பார்க்கும் அணியும் ஒரே அணியாக இருக்க வேண்டியதில்லை. நோட்டின் நான்காவது பத்தியைப் பென்சிலால் எழுதுவது நல்லது.